இடது பாதியில் நின்றவன்

கறை இடது படத்தில் மட்டும்தான் இருந்தது. வலது படத்தில் அதே இடம் துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது.

இதில் மலைத்துப்போக ஒன்றுமில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய இரட்டைப் படங்களைச் சீராக்கி வண்ணம் கொடுப்பதுதான் அவளுடைய தொழில். கறை இல்லாத அட்டையை அவள் கண்டதே கிடையாது. ஓர் அட்டையில் அருகருகே ஒட்டிய இரண்டு புகைப்படங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று நகல் என்றுதான் தோன்றும். ஆனால் ஒன்று இடது கண் இருக்கும் இடத்திலிருந்து எடுத்தது, மற்றது வலது கண் இருக்கும் இடத்திலிருந்து. இரண்டு வில்லைகள் பொருத்திய பார்வைப் பெட்டியில் அட்டையைச் செருகி முகத்தை வைத்தால், இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்து, தட்டைக் காகிதம் சட்டென்று உள்வாங்கி, நடந்தே போய்விடலாம் போன்ற ஓர் அறையாகிவிடும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் இத்தனை வருடமாக இந்தத் தொழிலில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள்.

தொழிலுக்கு ஒரே சட்டம். இரண்டு படத்திலும் இருப்பது உண்மை, ஒன்றில் மட்டும் இருப்பது அழுக்கு. பூஞ்சை, கீறல், ஈயின் எச்சம், யாரோ தேநீர்க் கோப்பையை வைத்த வளையம், எதுவானாலும் ஒரு பாதியில்தான் விழும். நல்ல பாதியிலிருந்து துண்டை எடுத்துக் கெட்ட பாதியில் ஒட்டிவிட வேண்டியதுதான். தூக்கத்தில் எழுப்பிச் செய்யச் சொன்னாலும் செய்வாள்.

இந்தப் படம் ஒரு நீண்ட தாழ்வாரம். ஒரு பக்கம் நெடுக உயரமான சன்னல்கள், ஒவ்வொன்றின் அடியிலும் தரையில் ஒரு வெயில் கட்டம். கடைசியில் திறந்து கிடக்கும் கதவு. ஆள் நடமாட்டமே இல்லை. இதைப் போய் மெனக்கெட்டு எதற்குப் படம் பிடித்தார்களோ என்று முதல் நாளே முணுமுணுத்திருந்தாள். அந்தக் கதவுக்குள்தான், இடது படத்தில் மட்டும், கறுப்பாக ஒன்று.

பெரிதாக்கிப் பார்த்தாள். பூஞ்சை படத்தின் மேல் உட்காரும். வழவழவென்று, படத்தோடு ஒட்டாமல் தெரியும். இது அப்படி இல்லை. பழைய புகைப்படத்துக்கே உரிய மணல்போன்ற பொடிப்புள்ளிகள், மற்ற இடங்களில் இருப்பதுபோலவே, இதற்குள்ளும் இருந்தன. படத்தோடு சேர்ந்து பிறந்த கறுப்பு. ஒரு தோள்போலச் சரிவு, மேல்கோட்டின் ஓரம்போல ஒரு நேர்க்கோடு. மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லாத சாம்பல்.

அதற்கும் அவளிடம் விளக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் சிலர் ஒற்றை வில்லைக் கேமராவையே வைத்துக்கொண்டு, இடது படத்தை எடுத்த பிறகு கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி வலது படத்தை எடுப்பார்கள். முதல் படத்தில் நின்ற ஆள் இரண்டாவது படம் எடுப்பதற்குள் கிளம்பிப் போயிருப்பான். "அவ்வளவுதான்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. வண்ணம் பிசகாமல் தெரிவதற்காகச் சன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரை போட்டிருந்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் இந்த அறைக்குள் எந்நேரமும் விளக்கு வைக்கும் பொழுதுதான். கம்ப்யூட்டரின் சூடேறிய தூசி வாசனை, பழைய அட்டைகளின் பசையும் ஈரமும் கலந்த வாசனை, அதற்கடியில் மின்விசிறியின் ஓயாத முனகல். இத்தனை வருடமாக அவளுக்குப் பிடித்திருந்த அறை அது.

அட்டையை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்த ஆவணக் காப்பகத்து அதிகாரிக்கு போன் செய்தாள். எதைக் கேட்டாலும் அவசரம் என்பார். வீட்டில் அவளும் கணவரும் அவருக்கு வைத்திருந்த பெயரே 'அவசரம் சார்'.

"ஒண்ணுல மட்டும் இருந்தா எடுத்துடுங்க மேடம். இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க? கண்காட்சி தலைக்கு மேல நிக்குது, அவசரம்."

"சரிங்க சார், எடுத்துடறேன்" என்றாள். எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளுக்கு ஒரே மகள். காதைவிட்டு நகராமல் எந்நேரமும் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பதால் வீட்டில் பெயர் கொசு. கொசுவின் இடது கண் சோம்பேறிக் கண். கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லையாம். அது சொல்வதை மூளை காதில் வாங்குவதில்லையாம். கேட்பாரற்ற அந்தக் கண், வேலையில்லாதவன் தெருமுனைக்குப் போவதுபோல, காதுப் பக்கமாக ஒதுங்கிப் போய்விடும். பள்ளிவிட்டு வந்ததும் நல்ல வலது கண்ணைப் பிளாஸ்திரி போட்டு மூடிவிட வேண்டும், அப்போதுதான் சோம்பேறிக்கு வேலை வரும். அதன் பிறகு பென்சில் பயிற்சி. பென்சிலைத் தூரத்தில் பிடித்து மெல்ல மெல்ல மூக்கு வரை கொண்டுவர, இரண்டு கருவிழிகளும் சேர்ந்து மூக்கை நோக்கி உள்ளே திரும்ப வேண்டும். கொசுவின் வலது கண் சமர்த்தாகத் திரும்பும். இடது கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"ஏழு வயசு முடியறதுக்குள்ள பழகிடணும்மா. அப்புறம் மூளை அந்தக் கதவைச் சாத்திடும்" என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தார். நல்ல அம்மாள்தான், ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் கொசுவுக்கு ஏழு பிறக்கப்போகிறது. இரண்டு படங்களை ஒன்றாக்கி ஊராருக்கெல்லாம் ஆழம் காட்டுகிறவளின் பிள்ளைக்கு, உலகம் கடைசி வரை ஒரு தட்டைக் காகிதம் என்பதை அவளால் தாங்கவே முடியவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். தன் வேலையிலிருந்து நல்ல நல்ல அட்டைகளாகப் பொறுக்கி, பிரிண்ட் போட்டு, பார்வைப் பெட்டியில் செருகித் தினமும் மகளுக்குக் காட்டுவாள். "என்னடி தெரியுது?" என்பாள். "படம்" என்று கொசு கொட்டாவி விடும்.

அன்று மாலை தாழ்வாரப் படத்தின் பிரிண்ட் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. வலது கண்ணில் பிளாஸ்திரியோடு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த கொசு அதை இழுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தது.

"அம்மா, இந்த மாமா யாரு?"

"எந்த மாமா?"

"கோட்டு போட்ட மாமா. கதவுகிட்ட."

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. மருத்துவமனைச் சுவரில் இருக்கும் பெரிய எழுத்தைக்கூடப் படிக்காத கண் அது. அவளே பெரிதாக்கிப் பார்த்து, யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த தோளையும் கோட்டையும், விரல் நக அளவுகூட இல்லாத ஒரு கறுப்பில், சோம்பேறிக் கண் ஒரே பார்வையில் பிடித்துவிட்டது. வேறு யாராவதாக இருந்தால் பயந்திருப்பார்கள். அவள் பிள்ளையை வாரியெடுத்து முத்தமிட்டாள்.

அந்தத் தவறு அவள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. இடது கண் இவனைப் பார்க்கிறதென்றால், வலது கண்ணுக்கும் இவனையே காட்டினால்? இரண்டு கண்ணும் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டால், அந்தப் பிடியிலேயே இரண்டும் ஒன்று சேராதா? கண்காட்சிக்கு அல்ல, வீட்டுக்கு மட்டும் ஓர் அட்டை. யாருக்கு என்ன நஷ்டம்?

கறுப்புத் திரைக்குள் உட்கார்ந்து இடது படத்திலிருந்து அவனை ஓரம் பிசகாமல் வெட்டியெடுத்தாள். வலது படத்தில் வைத்தாள். வைக்கும்போதுதான் அவன் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று அவள் முடிவு செய்ய வேண்டும். மூக்குக்கு முன்னால் ஒரு விரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து மாற்றி மாற்றிப் பார்த்தால் விரல் இங்கும் அங்கும் தாவும் அல்லவா? கிட்டே இருந்தால் பெரிய தாவல், எட்ட இருந்தால் சின்னத் தாவல். இரட்டைப் படத்தின் கணக்கு முழுவதும் அந்தத் தாவல்தான். அவனைக் கதவோடு கதவாக, கடைசியில் நிறுத்தினாள். கதவு நிலைக்கும் அவன் தோளுக்கும் இடையே இரண்டு படத்திலும் ஒரே இடைவெளி.

வண்ணமும் கொடுத்தாள். சன்னலுக்கு வெளுத்த பச்சை, தரைக்குச் செங்கல் நிறம். கோட்டுக்கு என்ன நிறம் என்று யோசித்தபோது, வாசல் நடையில் ஆணியில் மாட்டியிருக்கும் கணவரின் மழைக்கோட்டு ஞாபகம் வந்தது. அவர் ரயில் எஞ்சின் ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார், அந்தப் பழுப்புக் கோட்டுதான் இருக்கும். கொசுவுக்குப் பழகிய நிறம். அந்தப் பழுப்பையே கொடுத்தாள். முகத்துக்குத் தோல் நிறம் மட்டும் ஒட்டவே இல்லை. எத்தனை முறை பூசினாலும் சாம்பலாகவே இருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

முதல் சில நாட்கள் கொசு வழக்கம்போலக் கொட்டாவி விட்டது. பிறகு ஒரு சாயங்காலம், பெட்டியில் முகத்தை வைத்த பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தது. வாய் மெல்லத் திறந்தது.

"அம்மா... உள்ளே போகுதும்மா."

"என்னது?"

"படம். உள்ளே... நீளமா உள்ளே போகுது. சன்னல் ஒண்ணு பின்னாடி ஒண்ணு. மாமா முன்னாடி நிக்கிறாரு, கதவு பின்னாடி இருக்கு!"

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. எஞ்சினில் இருக்கிறவருக்குப் போன் கிடைக்காது என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தாள். இடையில் எந்த நிலையத்திலோ அவர் எடுத்தபோது, கொசுவே போனைப் பிடுங்கிச் சொன்னது. "உங்கம்மாகிட்ட குடு" என்று தழுதழுத்த குரல் வந்தது. "நீ சாதிச்சுட்ட" என்றார் அவளிடம். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

கொசுவைத் தூங்க வைக்கும்போதுதான் அது சொன்ன வார்த்தை உறைத்தது. மாமா முன்னாடி, கதவு பின்னாடி. அவள் அவனைக் கதவோடு கதவாக அல்லவா நிறுத்தியிருந்தாள்?

மறுநாள் கொசு பள்ளிக்குப் போனதும் அட்டையைத் தானே பெட்டியில் வைத்துப் பார்த்தாள். தாழ்வாரம் உள்வாங்கியது. அவன் கதவில் இல்லை. கதவைத் தாண்டி இந்தப் பக்கம், கடைசிச் சன்னலின் வெயில் கட்டத்துக்கு நேராக நின்றிருந்தான். வெயில் அவன் மேல் விழவில்லை.

பிரிண்ட் பிசகியிருக்கும். கம்ப்யூட்டரைத் திறந்தாள். வலது படத்தில் அவன் தோள் கதவு நிலையை மறைத்துக்கொண்டிருந்தது. இடைவெளியே இல்லை. அவள் வைத்த இடம் அது அல்ல. தூக்கக் கலக்கத்தில் மவுஸ் பட்டு நகர்ந்திருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு, பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். பூட்டினாள். வெட்டி ஒட்டிய துண்டை யாரும் நகர்த்த முடியாதபடி பூட்டுகிற வசதி கம்ப்யூட்டரில் உண்டு. புதிதாக ஒரு பிரிண்ட் போட்டுப் பெட்டியில் செருகினாள்.

"மாமா இன்னிக்கு என் உயரம்தாம்மா" என்றது கொசு அன்று மாலை. பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னது. "நேத்து அப்பா உயரம் இருந்தாரு."

"எங்க நிக்கிறாரு?"

கொசு ஒரு கையை முன்னால் நீட்டிக் காற்றில் துழாவியது. "இங்க. கொஞ்சம் எட்டல."

அவள் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டினாள். அறைக்குள் போய் வலது படத்திலிருந்து அவனை அழித்தாள். அழிக்க முடிந்தது. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. இனி சட்டப்படி வெறும் கறை, ஒரு பாதியின் அழுக்கு. இதையும் எடுத்துத் தொலைத்துவிடலாம் என்று இடது படத்தைப் பெரிதாக்கினாள்.

கறை இல்லை.

கதவு திறந்து கிடந்தது. கதவுக்குள் யாரும் இல்லை. காப்பகம் அனுப்பிய மூலக் கோப்பைத் திறந்தாள். அதிலும் இல்லை. ஒட்டுப்போட்ட தடம் இல்லை. அந்தப் பொடிமணல் கலையாமல், பிறந்ததிலிருந்தே காலியாக இருந்ததுபோல.

"எந்தக் கறை மேடம்?" என்றார் அவசரம் சார் போனில். "எங்க அட்டை இதோ கையிலதான் இருக்கு, பளிச்னு இருக்கு. வேற படத்தோட குழப்பிக்கிறீங்க. சீக்கிரம் அனுப்பிவிடுங்க, என்ன?"

கண் மருத்துவரிடம் குறித்திருந்த நாள் வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தாள். போனால் நல்ல வெளிச்சத்தில், நாலு பேர் நடுவில் இருக்கலாம் என்று போனாள். மருத்துவர் ஒரு பெரிய ஈயின் படத்தை நீட்டினார். விசேஷக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஈயின் இறக்கை காகிதத்துக்கு மேலே தூக்கி நிற்கும். ஆழம் தெரியும் பிள்ளைகள் அதைக் காற்றில் கிள்ளப் பார்க்கும். கொசு போன தடவை காகிதத்தையே சுரண்டியது. இந்தத் தடவை காகிதத்துக்கு மேலே, சரியான உயரத்தில், இறக்கையைக் கிள்ளியது.

"அடிசக்கை!" என்றார் மருத்துவர். "என்னம்மா செஞ்சீங்க? ரெண்டு கண்ணும் ஜோடியா வேலை செய்யுது. இனிமே பிளாஸ்திரியே வேணாம்."

அவள் சிரிக்க வேண்டிய நேரம் அது. ஆறு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. கொசு இன்னும் கையைக் கீழே போடவில்லை. ஈயை விட்டுவிட்டு, மருத்துவரின் தோளுக்குப் பக்கத்தில், காற்றில், வேறு எதையோ எட்டப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கையைச் சட்டென்று இழுத்துத் தொடைகளுக்கிடையே வைத்துக்கொண்டது.

வழி நெடுக ரீங்காரம் இல்லை. பேருந்தில் கொசு அவள் மடியில் முகத்தைப் புதைத்தபடியே வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும், தானாக அலமாரியைத் திறந்து பிளாஸ்திரிப் பெட்டியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தது. எத்தனை நாள் கெஞ்சிக் கொஞ்சி, மிரட்டி, துரத்திப் பிடித்து ஒட்டிய பிளாஸ்திரி.

"ஒட்டும்மா."

"இனிமே வேணாம்னு டாக்டர் சொன்னாங்கல்ல, கண்ணு."

"ஒட்டும்மா. ரெண்டு கண்ணுலயும் ஒட்டு."

அவள் மண்டியிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். அழகாக, நேராக, ஜோடியாக இரண்டு கண்கள். இவ்வளவு அழகாக அவை ஒருநாளும் இருந்ததில்லை. அந்த இரண்டும் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, நடையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

திரும்பினாள்.

சாயங்கால வெளிச்சம் நடையில் பாதி வரைதான் வந்திருந்தது. அதற்கப்பால் மங்கல். சுவரில் கோட்டு மாட்டும் ஆணி. அதற்குக் கீழே பழுப்பாக மழைக்கோட்டு. அவள் மூச்சை விட்டாள். கோட்டுதான். ஆணியிலிருந்து நழுவியிருக்கிறது, அதனால்தான் அவ்வளவு தாழ்வாக, ஒரு பிள்ளை உயரத்தில்.

கோட்டை அவர் அன்று காலை மழைக்கென்று எடுத்துப் போயிருந்தார்.

அவளுக்குத் தெரிந்தது ஒரே வித்தை. வலது கண்ணை மூடினாள். இருந்தது. இடது கண்ணை மூடினாள். இருந்தது. இரண்டு கண்ணிலும் இருப்பது உண்மை. மாற்றி மாற்றி மூடினாள். பின்சுவர் நகரவில்லை. பழுப்பு தாவியது. இங்கே, அங்கே. சின்னத் தாவல். மீண்டும் மூடித் திறந்தாள். இங்கே. அங்கே. கொஞ்சம் பெரிய தாவல்.

கால் எடுத்து வைக்கவில்லை. கை வீசவில்லை. சத்தமே இல்லை. தாவல் மட்டும் வளர்ந்தது. அது வளர வளர, அவன் சிறுத்தான்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஓர் உருவத்தை முன்னால் கொண்டுவந்தால் அதைப் பெரிதாக்கவும் வேண்டும். அவள் பெரிதாக்கவில்லை. கதவுக்குள் நிற்க வேண்டியவனுக்கு அது அவசியம் இல்லை என்று விட்டிருந்தாள். தூரத்து அளவிலேயே கிட்டே வந்தால், ஆள் சின்னவனாகத்தான் ஆவான். கிட்டே வர வர, இன்னும் சின்னவனாக. எதற்குள்ளும் நுழையலாம் என்கிற அளவுக்கு.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கறுப்புத் திரை அறை. கதவைச் சாத்தித் தாழிட்டாள். துண்டை எடுத்துக் கதவின் அடி இடுக்கில் திணித்தாள். ஒரு கையால் போனை எடுத்துக் கணவருக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது பதிவுக் குரல். மின்விசிறி முனகியது. பசை வாசனை. ஈரம். நூறு வருடத்து அட்டையின் வாசனை, அட்டை எதுவும் அறையில் இல்லாதபோதும்.

"அம்மா."

"ஒண்ணுமில்லடா. ஒண்ணுமில்ல. அம்மா இருக்கேன்ல."

"உள்ளே வந்துட்டாரும்மா."

"எங்க?"

"மேஜை மேல."

கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் மேஜை. விசைப்பலகை. பசைப் புட்டி. கண் பயிற்சிப் பென்சில்கள் நிறுத்திய குவளை. குவளைக்கு வெளியே ஒரு பென்சில் தனியாக நின்றிருந்தது. பழுப்புப் பென்சில். பாதி தேய்ந்தது.

பென்சில் தானாக நிற்காது.

நுனியில் சாம்பலாக ஒரு பொட்டு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் விட்ட இடம். அவளைப் பார்க்கவில்லை. அதற்கு அவள் வெறும் வேலைக்காரி, படத்தில் ஒட்டிக் கொடுத்தவள். பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"கண்ணை மூடு. மூடுடி!"

பிளாஸ்திரி நடையில் விழுந்து கிடந்தது. அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். மகளைத் தன் மார்போடு முதுகு ஒட்ட உட்கார வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தக் கண்களைப் பொத்தினாள். விரல்களை நெற்றியில் கோத்தாள். பார்க்காவிட்டால் வராது. பார்வைதானே அதற்கு வழி. இரண்டு படமும் இல்லாவிட்டால் ஆழம் இல்லை. ஆழம் இல்லாவிட்டால் தூரம் இல்லை. தூரம் இல்லாவிட்டால் அது எங்கும் நிற்க முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படித்தானே?

மேஜை மேல் இப்போது எதுவும் நிற்கவில்லை.

கண்ணிமைகள் உள்ளங்கையில் படபடத்தன. பிறகு நின்றன.

"அம்மா, கையை எடும்மா."

"மாட்டேன்."

"எடும்மா." குரல் கெஞ்சியது. மிகவும் மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. "உன் கைக்கு இந்தப் பக்கம் இருக்காரும்மா."

கைகள் விறைத்துப்போயின. எடுக்கவும் முடியவில்லை, அழுத்தவும் முடியவில்லை. மூக்குத் தண்டின் மேல் அவள் கைகள் குவிந்து உண்டாக்கிய அந்தக் கொஞ்ச இடத்தில், எறும்பைவிட லேசாக ஏதோ ஒன்று பட்டது.

மூடிய இமைகளுக்கு அடியில் மகளின் கருவிழிகள் நகர்வது அவள் உள்ளங்கைகளுக்குத் தெரிந்தது. வலது கண் மூக்கை நோக்கித் திரும்பியது. எப்போதும் காதுப் பக்கமாக ஒதுங்கிப் போகும் இடது கண்ணும், அதோடு சேர்ந்து, பிசகாமல், மெல்ல மெல்ல உள்ளே திரும்பியது.